ஷோபனாவையும் சேர்த்து

கலைமதிக்குச் சங்கம் என்ற சொல்லே பிடிக்காமல் இருந்த காலம் ஒன்று உண்டு. இப்போது சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் நான் அவருக்குப் பக்கத்து மேஜைக்காரன். அவர் வேதியியல், நான் வணிகவியல். சந்தாகூட வேண்டாம், பேரை மட்டும் கொடுங்கள் என்று நானும் வரலாற்றுத் துறை விநாயகம் சாரும் இரண்டு வருடம் கெஞ்சியிருக்கிறோம்.

“எழிலரசன் சார், எனக்கு டிஆர்பி எக்ஸாம் இருக்குது. பாஸ் பண்ணா நிரந்தர வேலை. உங்ககூட உக்காந்து கூட்டம் போட்டா இன்னா வரும்? டீ வரும்” என்பார்.

ஆசிரியர் தேர்வு வாரியத்தின் அந்தத் தேர்வுக்கு அறிவிப்பு வரும். பிறகு வழக்கு வரும். தள்ளிப்போகும். மறுபடி அறிவிப்பு வரும். கலைமதி ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து படித்தார். அவர் மேஜையில் விடைத்தாள் கட்டுக்கு அடியில் எப்போதும் ஒரு கைடு இருக்கும்.

எங்களுடையது பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி. செஞ்சியில் திண்டிவனம் சாலையில் இருக்கிறது. முதல்வரும் இன்னும் சிலரும் நிரந்தரம். மற்ற எல்லாரும் கௌரவ விரிவுரையாளர்கள். பாடம், ஆய்வகம், தேர்வுக் கண்காணிப்பு, விடைத்தாள் திருத்தம், கழிப்பறைக்குத் தண்ணீர் வரவில்லை என்று போன் செய்வது, எல்லாம் நாங்கள்தான். ஏப்ரல் கடைசியில் கல்லூரி மூடினால் எங்கள் வேலையும் மூடிவிடும். ஜூனில் புதிதாக விண்ணப்பித்து, புதிதாக நேர்காணலுக்குப் போய், புதிதாகச் சேர வேண்டும். விநாயகம் சார் அப்படிப் பதினேழு முறை புதிதாகச் சேர்ந்தவர்.

கலைமதி அவலூர்பேட்டை சாலையிலிருந்து உள்ளே போகிற ஒரு கிராமத்தில், காலனியில் பிறந்தவர். அவருடைய அப்பா பச்சைமுத்து கல்குவாரியில் கல் உடைத்துக்கொண்டிருந்தவர். நெஞ்சில் தூசி சேர்ந்த பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு ரேஷன் கிடங்கில் மூட்டை தூக்கினார். அம்மா அமிர்தவல்லி களை எடுக்கப் போவார். அந்தத் தெருவில் முனைவர் பட்டம் வாங்கிய முதல் ஆள் கலைமதி. சுற்று வட்டாரக் கிணற்றுத் தண்ணீரில் இருக்கும் ஃபுளோரைடுதான் அவர் ஆராய்ச்சி. பட்டம் வந்த அன்று பச்சைமுத்து யாரிடமும் கேட்காமல் பஸ் நிறுத்தத்தில் ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார். “நைனா, இன்னா நைனா இது, எடுத்துடு” என்று மகள் கத்தியும் அது மழையில் கிழியும் வரை அங்கேயே இருந்தது.

அப்படிப்பட்ட பெண்ணைத்தான் ஒவ்வொரு ஜூனிலும் முதல்வர் அறைக்கு வெளியே நீள பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ஒரு வருடம் அவர் உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் வந்து நின்றது மோனிகா. மூன்று வருடம் முன்னால் கலைமதியிடம் படித்த பெண். கையில் ஃபைல். டீச்சரைப் பார்த்ததும் அது திரும்பிப் போகப் பார்த்தது.

“எங்க போற? உக்காரு” என்றார் கலைமதி.

“மேடம், நீங்க எதுக்கு இங்க...”

“நீ எதுக்கோ அதுக்குத்தான்.”

மோனிகா உட்காரவில்லை. நின்றுகொண்டே இருந்தது. உள்ளே கலைமதியிடம், பீரியாடிக் டேபிளை முதலாண்டு மாணவனுக்கு எப்படிச் சொல்லித்தருவீர்கள் என்று கேட்டார்களாம். அதே கல்லூரியில் ஒன்பது வருடமாக அதைத்தான் சொல்லித்தந்துகொண்டிருந்தார். சொன்னார். வேலை கிடைத்தது. வெளியே வந்து என்னிடம், “அந்தப் பொண்ணு முகத்தப் பாக்க முடியல சார்” என்று மட்டும் சொன்னார். அப்போதும் சங்கத்தில் சேரவில்லை.

சேர வைத்தது ஷோபனா.

ஷோபனா ஆங்கிலத் துறை. வயிற்றுப் பிள்ளையோடு எட்டாவது மாதம் வரை மாடியேறி வகுப்பெடுத்தார். எங்களுக்கு விடுப்பு என்று எதுவும் இல்லை. வகுப்பெடுத்தால் வேலை, எடுக்காவிட்டால் ஆள் இல்லை, அவ்வளவுதான். செஞ்சி அரசு மருத்துவமனையில் பெண் குழந்தை பிறந்தது. ஒன்றரை மாதம் கழித்து, குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஷோபனா கல்லூரிக்கு வந்தபோது அவருடைய நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். கால அட்டவணையில் ஷோபனாவின் வகுப்புகளுக்கு நேராக வேறொரு பெயர். ஷோபனா ஆசிரியர் அறை வாசலிலேயே நின்றார். உள்ளே வரவில்லை. பால் கட்டி, புடவை முன்பக்கம் ஈரமாகியிருந்தது. அதை மறைக்கக் கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் எல்லாம் உட்கார்ந்தபடியே இருந்தோம். கலைமதிதான் எழுந்தார். “வா” என்று ஷோபனாவின் கையைப் பிடித்து முதல்வர் அறைக்கு இழுத்துக்கொண்டு போனார். நானும் பின்னாலேயே போனேன்.

முதல்வர் கோவிந்தசாமி கெட்டவர் இல்லை. மேலிடத்துக்குப் பயந்தவர். ஷோபனாவை உட்காரச் சொன்னார், குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டார். பிறகு, “சர்க்குலர்ல இடம் இல்லம்மா. நீங்க அடுத்த ஜூன்ல அப்ளை பண்ணுங்க, பாக்கலாம்” என்றார்.

“சார், அவங்க வேலைய விட்டுப் போகல. பிரசவத்துக்குப் போனாங்க. லீவு குடுக்கணும் இல்ல?” என்றார் கலைமதி.

“வேலையில இருக்கறவங்களுக்குத்தானே லீவு? இவங்க வேலையிலயே இல்லையே. இல்லாதவங்களுக்கு எப்படிம்மா லீவு குடுக்கறது?”

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே குழம்பிப்போய்க் கேட்டார். அதுதான் கலைமதியைச் சுட்டது என்று நினைக்கிறேன். வெளியே வந்ததும் ஷோபனா அழுதார். கலைமதி அழவில்லை. படிக்கட்டில் நின்று என்னைப் பார்த்துக் கேட்டார்:

“சார், உங்க கூட்டம் எப்போ?”

எங்களிடம் அப்போது கூட்டமே இல்லை. நானும் விநாயகம் சாரும்தான் சங்கம். கல்லூரிக்குள் கூடக்கூடாது என்று முதல்வர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஊரில் மண்டபம் பிடிக்க வழியில்லை. அதனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோட்டையில் கூடினோம். கல்யாண மகால் என்கிற பழைய மாளிகைக்கு முன்னால் புல்வெளியில் எங்கள் கல்லூரிக்காரர்கள் பாதிப் பேர் வந்துவிட்டார்கள். கலைமதி பேச ஆரம்பித்த உடனே காவலாளி விசிலோடு ஓடி வந்தார்.

“இங்க மீட்டிங் எல்லாம் போடக்கூடாது. எழுந்திருங்க, எழுந்திருங்க.”

கலைமதி சண்டைக்கு நிமிர்ந்தார். அதற்குள் விநாயகம் சார் எழுந்து, மகாலை நோக்கிக் கையை நீட்டி, “இது மீட்டிங் இல்லப்பா. நான் ஹிஸ்டரி வாத்தியார். இவங்களுக்குக் கோட்டையைச் சுத்திக் காட்டறேன்” என்றார். சொன்னதோடு நிற்கவில்லை, ஆரம்பித்தும்விட்டார். மேல்மாடிக்கு மண் குழாயில் தண்ணீர் ஏற்றியதைச் சொன்னார். குதிரை லாயத்தைச் சொன்னார். வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் இலவசமாகக் கைடு கிடைத்துவிட்டார் என்று எங்களோடு சேர்ந்துகொண்டது. காவலாளியும் நின்று கேட்டார். நெற்களஞ்சியம் வரை நடந்தோம். அங்கே, அந்தக் குடும்பம் உள்ளே போய்ச் சத்தம் போட்டு எதிரொலி கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், வெளியே நின்றபடியே எங்கள் கோரிக்கைகளை முடிவு செய்தோம். வருடம் முழுக்க வேலை. வருடா வருடம் நேர்காணல் கூடாது. பிரசவ விடுப்பு. ஷோபனாவுக்குத் திரும்ப வேலை.

சங்கத்துக்குத் தலைவர் யார் என்ற பேச்சு வந்தபோது ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “கலைமதி மேடம் பேரைப் போட்டா... தப்பா எடுத்துக்காதீங்க, இது ஒரு சாதிக்காரங்க சங்கம்னு கெளப்பி விட்டுடுவாங்க. விநாயகம் சார் பேரா இருந்தா பொதுவா இருக்கும்.”

கலைமதி தரையைப் பார்த்துக்கொண்டு, “சாரே இருக்கட்டும். எனக்கு வேலை நடந்தா போதும்” என்றார்.

விநாயகம் சார் சாது. வரப்புத் தகராறில் பங்காளிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு வருகிற ஆள். அவர் முகம் சிவந்து நான் அன்றுதான் பார்த்தேன். “எம் பேரு இருந்தா பொது, அவங்க பேரு இருந்தா சாதியா? அப்படி எம் பேரை வாங்கித்தான் சங்கம் நடத்தணும்னா எனக்கு அந்தச் சங்கம் வாணாம். ஷோபனாவக் கூட்டிட்டுப் போனது நானா? நான் சேர்ல உக்காந்துனு இருந்தேன். அவங்கதான் தலைவர்” என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. அவர் செயலாளரானார்.

முதலில் விழுப்புரத்தில் ஒரு வழக்கறிஞரைப் போய்ப் பார்த்தோம். ஆசிரியர்கள் தொழிலாளர் சட்டத்துக்குள் வரமாட்டார்கள், அதனால் உங்களோடு உட்கார்ந்து பேசும்படி பல்கலைக்கழகத்தைத் தொழிலாளர் அலுவலகம் கட்டாயப்படுத்த முடியாது என்றார் அவர். திரும்பும் பஸ்ஸில் எனக்கு மனசு விட்டுப்போயிற்று. கலைமதி மட்டும், “அப்போ நம்ம கையிலதான் இருக்குதுன்னு சொல்றாரு” என்றார். வழக்கறிஞர் அப்படிச் சொல்லவே இல்லை.

பல்கலைக்கழகத்துக்கு இன்னும் பல உறுப்புக் கல்லூரிகள் இருந்தன. செஞ்சி மட்டும் சத்தம் போட்டால் செஞ்சி ஆட்களை மட்டும் எடுத்துவிட்டு வேறு ஆள் போட்டுவிடுவார்கள் என்று கலைமதிக்குப் புரிந்திருந்தது. அந்த வருடம் முழுக்கச் சனிக்கிழமைகளில் ஒவ்வொரு ஊராகப் போனார். சில நாள் நான் கூடப் போனேன். ஓர் ஊரில் எங்களைப் பார்த்ததும் ஆசிரியர் அறையை உள்பக்கம் தாழ்போட்டுக்கொண்டார்கள். கலைமதி கதவுக்கு வெளியே நின்று, “நான் செஞ்சியிலேருந்து வரேன். உள்ள விடவேணாம், காதுல மட்டும் வாங்குங்க” என்று ஷோபனாவின் கதையைச் சொன்னார். சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தோம். பஸ் நிறுத்தத்துக்கு வரும்போது பின்னால் ஒரு பெண் ஓடி வந்தார். “எனக்கும் அப்படித்தான் மேடம், ரெண்டு பிரசவத்துக்கும்” என்றார். அந்தக் கல்லூரியில் சங்கம் அப்படித்தான் வந்தது.

கலைமதியிடம் இனிமையான பேச்சு கிடையாது. படபடவென்று பேசுவார். எதிராளி முடிக்கும் முன் பதில் சொல்வார். அவரால் கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு, விநாயகம் சார் பின்னாலேயே போய்ச் சமாதானம் பேசி அழைத்து வருவார். ஆனால் கலைமதி ஒன்று சொன்னால் அதைச் செய்வார் என்று எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று.

மனு கொடுத்தோம், பதில் இல்லை. கறுப்பு பேட்ஜ் அணிந்தோம், பதில் இல்லை. முதல்வர் மட்டும் ஒருநாள் கூப்பிட்டு, “உங்களுக்கே இன்னும் கல்யாணம் ஆவலம்மா. பிரசவ லீவுக்கு நீங்க ஏன் இவ்ளோ டென்ஷன் ஆவறீங்க?” என்றார்.

“எனக்கு வேணும்னு கேட்டா சுயநலம்னு சொல்லுவீங்க சார். எனக்கு இல்லாததாலதான் தைரியமா கேக்கறேன்” என்றார் கலைமதி.

ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் கிடங்குக்கே போய்ப் பச்சைமுத்துவைப் பார்த்திருக்கிறார். உன் பெண்ணுக்கு எடுத்துச் சொல்லு, இருக்கிற வேலையும் போய்விடப் போகிறது என்று. பச்சைமுத்து மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, “நான் சொன்னா கேக்கற பொண்ணா இருந்தா இருபத்தோரு வயசுலயே கட்டிக் குடுத்திருப்பனே சாமி. இப்போ அது டாக்டர். நீங்களே போய்ச் சொல்லிப் பாருங்க” என்றாராம். ஆனால் வீட்டில் மகளிடம் அவர் கேட்டது வேறு. “ஏம்மா, இவ்ளோ படிச்சதே எங்கள மாதிரி குவாரி கேட்டுல நின்னு கத்தாம இருக்கத்தான? மறுபடியும் கேட்டுக்கே போறியே.” இதைக் கலைமதிதான் என்னிடம் சொன்னார். அடுத்த வாரம் விடைத்தாள் திருத்த மாட்டோம் என்று தீர்மானம் போட்டோம்.

அது லேசான தீர்மானம் இல்லை. விடைத்தாள் திருத்துவதில் பெரும்பகுதி எங்கள் கையில்தான். நாங்கள் போகாவிட்டால் தேர்வு முடிவு வராது. தேர்வு முடிவு வராவிட்டால் கடைசி வருடப் பிள்ளைகள் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க முடியாது. கலைமதி இதை மறைக்கவில்லை. தேர்வுக்கு முன்னால் கடைசி வகுப்பில் பிள்ளைகளிடமே சொன்னார். மேல்சித்தாமூரிலிருந்து வருகிற ஒரு பையன் எழுந்து, “அப்போ எங்க ரிசல்ட் மேடம்?” என்றான்.

“லேட் ஆவும். அதுக்கு நான் காரணம்தான், இல்லைன்னு சொல்லமாட்டேன். ஆனா அட்மிஷன் முடியறதுக்குள்ள வர வைக்கறதும் என் பொறுப்பு. ராத்திரி பகலா திருத்துவோம். நம்பறதா இருந்தா நம்பு. கோவமா இருந்தாலும் சரி.”

பையன் கோபமாகத்தான் உட்கார்ந்தான். அதைக் கலைமதி மறக்கவே இல்லை.

திருத்தும் மையம் திறந்த நாளில் நாங்கள் யாரும் போகவில்லை. உடனே பல்கலைக்கழகம், எங்கள் இடங்களுக்குப் புதிய ஆட்களை எடுக்கப்போவதாக அறிவித்து நேர்காணல் வைத்தது. செஞ்சிக் கல்லூரி வாசலில் வெயிலில் நின்றோம். யாரையும் தடுக்கக்கூடாது, கையைப் பிடிக்கக்கூடாது, நோட்டீஸ் கொடுத்து விஷயத்தைச் சொன்னால் போதும் என்று கலைமதி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஃபைலோடு வந்தவர்களில் சிலர் நோட்டீஸைப் படித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். மோனிகாவும் வந்தது. கலைமதி முன்னால் வந்து நின்று, “மேடம், நான் உள்ள போவட்டுமா?” என்று கேட்டது.

“என்னைக் கேக்காத. உன் வீட்டு நெலமை உனக்குத்தான் தெரியும்.”

“மூணு வருஷமா சும்மா இருக்கறேன் மேடம்.”

“தெரியும். ஆனா நீ உள்ள போய் வாங்கப்போறது என் வேலை இல்ல. அடுத்த ஏப்ரல் வரைக்கும் ஒரு நாற்காலி. அதையும் யோசிச்சிக்கோ.”

மோனிகா நோட்டீஸை மடித்து ஃபைலுக்குள் வைத்தது. பிறகு உள்ளே போய்விட்டது. எங்கள் கல்லூரிக் கணிதத் துறை ஜெயக்கொடி மேடம் கோபத்தில் ஏதோ சொல்ல வாயெடுத்தார். “விடுங்க. பசிக்கு வந்த பொண்ணு. அது மேல கோவப்படறதுக்கா வந்தோம்?” என்றார் கலைமதி. அவர் கண் மட்டும் கலங்கியிருந்தது.

ஆனாலும் எங்கள் இடத்தை நிரப்பும் அளவுக்கு ஆள் சேரவில்லை. தனியார் கல்லூரிகளிலிருந்து திருத்துபவர்களைக் கொண்டுவரப் பார்த்தார்கள், அவர்களும் பாதிப் பேர் வரவில்லை. கடைசியில் பல்கலைக்கழகப் பதிவாளர் சுந்தரமூர்த்தி பேச்சுக்குக் கூப்பிட்டார்.

பல்கலைக்கழக வளாகத்துக்குப் பல ஊர்களிலிருந்தும் எங்கள் ஆட்கள் பஸ் பிடித்து வந்துவிட்டார்கள். கேன்டீன் பக்கத்து மரநிழலில் உட்கார்ந்தார்கள். ஷோபனாவும் குழந்தையோடு வந்திருந்தார். உள்ளே போனது கலைமதி, விநாயகம் சார், ஜெயக்கொடி மேடம், நான். ஜெயக்கொடி மேடம் நியாயமானவர், அளந்து பேசுவார்.

பதிவாளர் தன்மையாகப் பேசினார். முந்திரி பிஸ்கட், டீ எல்லாம் வந்தது. எங்கள் கோரிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்தார். வருடம் முழுக்க வேலை, ஒத்துக்கொண்டார். வருடா வருடம் நேர்காணல் இல்லை, ஒத்துக்கொண்டார். இனிமேல் பிரசவிக்கிறவர்களுக்கு விடுப்பு, அதையும் ஒத்துக்கொண்டார். என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. எழுந்து ஆடலாம் போலிருந்தது.

“ஷோபனா?” என்றார் கலைமதி.

“அது முடிஞ்சுபோன விஷயம்மா. பழசைத் தொறந்தா இதுவரைக்கும் போன எல்லாரும் வந்து நிப்பாங்க. அதை மட்டும் விட்டுடுங்க. இன்னிக்கே கையெழுத்துப் போட்டுடலாம்.”

யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்தோம். வாசலில் பதிவாளர் கலைமதியை மட்டும் நிறுத்தி ஏதோ சொன்னார். நாங்கள் மரத்தடிக்கு வந்து காத்திருந்தோம். கலைமதி வேகமாக நடந்து வந்தார். வந்தவர் உட்காரக்கூட இல்லை, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

“பதிவாளர் என்கிட்ட தனியா ஒண்ணு சொன்னாரு. மெயின் கேம்பஸ்ல தண்ணி பத்தின ஆராய்ச்சிக்கு ஆள் எடுக்கறாங்களாம். என் சப்ஜெக்ட். எனக்கு ஏத்த இடம்னு சொன்னாரு. நான் நன்றி சொல்லிட்டு வந்துட்டேன். அப்புறமா வேற யாராவது வந்து உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னுதான் நானே சொல்றேன். இப்போ ஷோபனா விஷயத்துக்கு வருவோம்.”

முதலில் பேசியது ஜெயக்கொடி மேடம். “எனக்கும் ஷோபனா தங்கச்சி மாதிரிதான். ஆனா ஒருத்திக்காக இத்தனை பேர் வாழ்க்கைய நிறுத்தி வெக்கலாமா? கேட்டதுல எல்லாமே குடுத்துட்டாங்க. எம் பொண்ணு இந்த வருஷம் காலேஜ் சேரணும். நான் மட்டும் இல்ல, இங்க எல்லாருக்கும் ஒரு வீடு இருக்குது. கையெழுத்துப் போடுவோம். ஷோபனாவுக்கு அப்புறம் கேப்போம்.”

பல தலைகள் ஆடின. என் தலையும் ஆடியிருக்கும்.

அப்போது ஷோபனாவே எழுந்தார். குழந்தை அவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. “மேடம் சொல்றது சரிதான். என்ன விட்டுடுங்க. என்னால யாரும் கஷ்டப்பட வேணாம். நான் ஏதாவது ஸ்கூல்ல பாத்துக்கறேன்” என்றார்.

கலைமதி எப்போதும்போல் படபடவென்று பதில் சொல்லவில்லை. ஷோபனாவுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

“நீ சொல்லுவ. உன் மனசு அது. ஆனா அதை நாங்க வாங்கிக்கக் கூடாது” என்றார். பிறகு எல்லாரையும் பார்த்துத் திரும்பினார். “இனிமே லீவு உண்டுன்னு எழுதித் தராங்க. சரி. நாளைக்கு இன்னொருத்தி பிரசவத்துக்குப் போறா. திரும்பி வரப்போ சேர்ல ஆள் இருக்குது. கேட்டா, முடிஞ்சுபோன விஷயம்பாங்க. அன்னிக்கு நாம இன்னா சொல்லுவோம்? ஷோபனாவுக்கே அதைத்தானே ஒத்துக்கிட்டோம்னு அவங்க சொல்லுவாங்க. யாரால இது ஆரம்பிச்சுதோ அவளையே வெளிய விட்டுட்டுக் கையெழுத்துப் போட்டா, அந்தக் காகிதத்தைப் படிக்க எனக்கு வெக்கமா இருக்கும். ஆனா நான் ஒருத்தி முடிவு பண்ணக்கூடாது. ஜெயக்கொடி மேடம் சொன்னது பொய் இல்ல, எல்லாருக்கும் வீடு இருக்குது. கை தூக்குங்க. போடலாம்னு முடிவாச்சுன்னா நானே போய்ப் போட்டுட்டு வரேன். முகத்தைத் தூக்கி வெச்சிக்கமாட்டேன்.”

கை தூக்கினோம். கையெழுத்துப் போடலாம் என்றவர்கள் கொஞ்சப் பேர் இல்லை. வேண்டாம் என்றவர்கள் அவர்களைவிடக் கொஞ்சம் அதிகம். விநாயகம் சார் இரண்டு முறை எண்ணினார்.

நான் எதிர்பார்க்காதது அடுத்து நடந்தது. ஜெயக்கொடி மேடம் புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தார். “நான் போய்ச் சொல்றேன்” என்றார். “நீங்க சொன்னா, கலைமதி ஒருத்திதான் பிடிவாதம் பிடிக்கறான்னு நெனப்பாரு. கையெழுத்துப் போடலாம்னு சொன்ன நான் போய் இல்லைன்னு சொன்னா அவருக்குப் புரியும்.” அவரே முன்னால் நடந்தார். உள்ளே போய், “சார், ஷோபனாவையும் சேர்த்துத்தான்” என்று சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் திரும்பினார்.

அதன் பிறகு நடந்த வாரம் மோசமானது. பேப்பரில் எங்களைத் திட்டிச் செய்தி வந்தது. பெற்றோர்கள் கல்லூரி வாசலில் வந்து சண்டை போட்டார்கள். இரண்டு கல்லூரிகளில் எங்கள் ஆட்கள் பயந்துபோய்த் திருத்தும் மையத்துக்குப் போய்விட்டார்கள். கலைமதி அவர்களைத் திட்டவில்லை. மீதிப் பேரை ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டு, சாப்பிட்டீங்களா என்று ஆரம்பித்துப் பேசினார். அப்படிப் பேசக்கூடியவர் என்று அதுவரை எனக்குத் தெரியாது. ஒருநாள் வாசலில் நாங்கள் நின்றுகொண்டிருந்தபோது பச்சைமுத்து சைக்கிளில் வந்து ஒரு தூக்குவாளியில் மோரைக் கொடுத்துவிட்டு, வாசலுக்கு எதிரே நிழலில் போய் உட்கார்ந்துகொண்டார். சாயங்காலம் வரை அங்கேயே இருந்தார்.

மறுபடி கூப்பிட்டார்கள். இந்த முறை பிஸ்கட் இல்லை. ஷோபனாவை ஜூனிலிருந்து அதே கல்லூரியில், பழைய வருடங்களையும் கணக்கில் எடுத்து, சேர்த்துக்கொள்ள ஒத்துக்கொண்டார்கள். அதற்குப் பதிலாக வேறு சிலதை எங்களிடமிருந்து எடுத்தார்கள். ஒப்பந்தம் இரண்டு வருடத்துக்கு மட்டும் என்றார்கள். ஒப்பந்தத்தில் ‘சங்கம்’ என்று போடமாட்டோம், ‘ஆசிரியர் பிரதிநிதிகள்’ என்றுதான் போடுவோம் என்றார்கள். கலைமதி அந்த ஒரு சொல்லுக்காக அரை நாள் சண்டை போட்டார். கிடைக்கவில்லை. நிர்வாகக் காரணங்களுக்காக யாரையும் எந்த உறுப்புக் கல்லூரிக்கும் மாற்றலாம் என்று ஒரு ஷரத்து இருந்தது. அதை நாங்கள் யாரும் கவனித்துப் படிக்கவில்லை. ஷோபனா பெயர் இருக்கிறதா என்றுதான் பார்த்தோம். இருந்தது. கையெழுத்துப் போட்டோம்.

மறுநாள் காலையே திருத்தும் மையத்துக்குப் போய்விட்டோம். கலைமதி சொன்னபடி விடுமுறை நாளிலும் உட்கார்ந்தோம். மேற்படிப்புக்குக் கடைசி நாள் முடியும் முன் தேர்வு முடிவு வந்தது. அந்தப் பையனுக்குத் திருவண்ணாமலையில் இடம் கிடைத்தது. ஆனால் எங்கள் மேல் அவனுக்கு இருந்த கோபம் போகவில்லை. இனிப்பு எதுவும் கொண்டுவரவில்லை. கலைமதி அதை நியாயம் என்றார்.

ஜூன் மாதம் கல்லூரி திறந்தபோது முதல்வர் அறை வாசலில் அந்த நீள பெஞ்ச் காலியாக இருந்தது. ஷோபனா புதுப் புடவையில் வந்தார். வாசலில் நிற்காமல் நேராக உள்ளே வந்து உட்கார்ந்து, வருகைப் பதிவேட்டைக் கேட்டார். அவருடைய இடத்தில் இருந்தவருக்கும் வேறு வகுப்புகள் கிடைத்திருந்தன. மதியம் ஷோபனாவின் அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தபோது முதல்வர் கோவிந்தசாமியே, ஷோபனா பால் கொடுக்க, ஆய்வகத்துக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டோர் ரூமைத் திறந்துவிடச் சொன்னார். “ஃபேன் ஓடுதான்னு பாருங்க” என்றார்.

இரண்டாவது வாரத்தில் கலைமதிக்கு மாற்றல் வந்தது. நிர்வாகக் காரணம். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய கல்லூரி. காலை ஆறு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால்தான் முதல் வகுப்புக்குப் போய்ச் சேர முடியும். எங்களுக்கு ரத்தம் கொதித்தது. மறுபடி வாசலில் நிற்கலாம் என்று விநாயகம் சாரே சொன்னார்.

“வாணாம் சார்” என்றார் கலைமதி. “அந்த ஷரத்தைப் படிக்காம விட்டது நாம. இப்போ வேலைய நிறுத்தினா, ஒப்பந்தத்தை மீறுனவங்கன்னு பேர் வரும். ரெண்டு வருஷம் கழிச்சுப் பேசறப்போ, ஒத்துக்காம யாரையும் மாத்தக்கூடாதுன்னு எழுத வைப்போம். அதுவரைக்கும் நான் போறேன். அங்கயும் நம்ம ஆளுங்கதானே?”

“அங்க சங்கமே இல்லையே மேடம்” என்றேன்.

“அதான் போறேன்.”

அவருடைய கைடுகளை எல்லாம் ஒரு பையில் கட்டிக் கொடுத்தோம். டிஆர்பி தேர்வை அவர் விட்டுவிடவில்லை, இன்னும் படித்துக்கொண்டுதான் இருக்கிறார். முதல் நாள் நானும் அவருடன் போனேன். ஆசிரியர் அறையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். இளைஞர் ஒருவர் எழுந்து நாற்காலி போட்டார். உடனேயே, யாரும் கேட்பதற்கு முன்பே, “மேடம், உங்களப் பத்திக் கேள்விப்பட்டிருக்கோம். ஆனா இங்க அப்படி ஒண்ணும் பிரச்சினை இல்ல” என்றார். மற்றவர்கள் அவரவர் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

கலைமதி பையைக் கீழே வைத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“ரொம்ப சந்தோஷம்” என்றார். “காலையிலேருந்து ஒண்ணும் குடிக்கல. இங்க டீ எங்க நல்லாருக்கும்? வாங்களேன், எல்லாரும் போலாம்.”

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அந்த இளைஞர் செருப்பைத் தேடினார். இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள்.